ஓர் அடைப்புக்குறியும் ஏழு கொள்ளைப் பறவைகளும்

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்

சென்ற பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில் எனக்கு அரை மதிப்பெண் போயிற்று. போனதற்குக் காரணம் ஓர் அடைப்புக்குறி.

"ஏதேனும் ஒரு விலங்கின் அறிவியல் பெயரை, பெயரிட்டவர் பெயரோடும் ஆண்டோடும் முறைப்படி எழுதுக" என்பது கேள்வி. வகுப்பில் பெரும்பாலோர் புலியையோ மயிலையோ எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். எனக்கோ கொஞ்சம் மேதாவித்தனம் காட்ட ஆசை. நூலகத்தில் அப்போதுதான் ஒரு பறவை நூலைப் புரட்டியிருந்தேன். அதில் கண்ட பெரிய ஸ்கூவா என்ற கடற்பறவையை எழுதினேன்: ஸ்டெர்கோராரியஸ் ஸ்கூவா, புரூனிக், 1764. விடைத்தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரு வட்டமும், "அடைப்புக்குறி எங்கே?" என்ற கேள்வியும் இருந்தன.

நான் விடவில்லை. நூலகத்திலிருந்து அந்த நூலையே எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். "சார், இதில் புரூனிக் என்ற பெயருக்கு அடைப்புக்குறி இல்லையே?" என்றேன். பேராசிரியர் பக்கத்தைப் பார்த்தார். "புத்தகம் சொல்வதும் சரி. நான் போட்ட வட்டமும் சரி. நீ எழுதியதுதான் தவறு" என்றார். நன்றாக விழித்தேன். "இதில் பேரினத்தின் பெயர் என்ன போட்டிருக்கிறது, படி" என்றார். படித்தேன். கத்தாராக்டா ஸ்கூவா என்றிருந்தது. நான் பேரினத்தின் பெயரை வேறொரு நூலிலிருந்தும், ஆசிரியர் பெயரை இந்த நூலிலிருந்தும் எடுத்து ஒட்டுப்போட்டிருந்தேன். அந்த ஒட்டு எங்கே பிசகியது என்று தேடப் புகுந்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

முதலில் பறவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூவாக்கள் ஏழு சிற்றினங்கள். அவற்றுள் நான்கு பருத்த உடலுள்ளவை, மண்ணிறத்தவை, இறக்கையில் வெள்ளைத் திட்டு உள்ளவை. பெரிய ஸ்கூவா வட அட்லாண்டிக் தீவுகளில் கூடு கட்டுகிறது. பழுப்பு ஸ்கூவா, சிலி ஸ்கூவா, தென்துருவ ஸ்கூவா ஆகிய மூன்றும் தென்கோளத்தவை. எஞ்சிய மூன்று சிற்றினங்கள் சற்று மெலிந்தவை. ஆர்க்டிக் பகுதியின் மரமற்ற வெளிகளில் முட்டையிடுபவை. வாலின் நடு இறகுகள் இரண்டு நீண்டு நிற்பவை. ஆர்க்டிக் ஸ்கூவாவுக்கு அந்த இறகுகள் கூரியவை. பொமரைன் ஸ்கூவாவுக்கு அவை கரண்டிபோல் அகன்று முறுக்கிக்கொண்டிருக்கும். நீள்வால் ஸ்கூவாவுக்குப் பெயரே போதும்.

பார்வைக்குக் கடற்காகத்தின் சாயல். வாத்தைப்போல விரல்களுக்கிடையே சவ்வு. ஆனால் அந்த விரல்களின் நுனியில் கூர்நகம். அலகு நுனியில் கொக்கி. நீந்தும் பறவையின் காலும் வேட்டைப் பறவையின் நகமும் ஓருடம்பில் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் அதன் பிழைப்பு விளங்கிவிடும். பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும். பெரிய ஸ்கூவா வளர்ந்த கடற்பறவைகளையே கொன்று தின்னும். ஆர்க்டிக்கில் பொமரைனும் நீள்வாலும் லெம்மிங் என்னும் எலிபோன்ற விலங்கை நம்பி வாழ்கின்றன. லெம்மிங் குறைந்த ஆண்டில் குஞ்சு பொரிப்பதும் குறைந்துபோகும். இவற்றையெல்லாம்விட இந்தக் குடும்பத்துக்குப் பேர் வாங்கித் தந்த தொழில் வழிப்பறி. மீன் பிடித்துக்கொண்டு வரும் ஆலாவையும் கடற்காகத்தையும் நடுவானில் விரட்டோ விரட்டென்று விரட்டும். துரத்தப்படுகிற பறவை உயிருக்குப் பயந்து, வாயிலிருப்பதையும் விழுங்கியதையும் கக்கிவிடும். கக்கியது கடலில் விழுமுன் ஸ்கூவா அதைக் கவ்வும்.

இந்த இடத்தில்தான் பெயரின் கதை தொடங்குகிறது. பழங்காலத்தில் கரையில் நின்று இதைப் பார்த்தவர்களுக்கு, துரத்தப்பட்ட பறவையிடமிருந்து ஏதோ விழுவதும் துரத்திய பறவை அதைத் தின்பதும் தெரிந்தன. எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பது தெரியவில்லை! பயத்தில் எச்சமிட்டது, இது அதைத் தின்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் 1760இல் இந்தப் பறவைகளுக்குப் பேரினப் பெயர் வைத்தபோது அந்தத் தவறான முடிவையே இலத்தீனில் பதித்தார். ஸ்டெர்கஸ் என்றால் சாணம், மலம். ஸ்டெர்கோராரியஸ் என்றால் அதோடு தொடர்புடையது. நாகரிகமாகச் சொன்னால் 'எச்சமுண்ணி'. குடும்பத்தின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது: ஸ்டெர்கோராரியிடே.

எச்சம் அன்று, கக்கிய மீன் என்பது பிறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பெயர் மாறியதா? மாற்றிப் பார்த்தார்கள். ஜெர்மானியரான இல்லிகர் 1811இல் லெஸ்ட்ரிஸ் என்று ஒரு பெயர் வைத்தார். கிரேக்கத்தில் கொள்ளையிடுவது என்று பொருள். எவ்வளவு பொருத்தம்! பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் அந்தப் பெயரைக் காணலாம். ஆனால் நிலைக்கவில்லை. விலங்கியல் பெயரிடலுக்கு உலகம் ஒப்புக்கொண்ட விதித்தொகுப்பு ஒன்று உண்டு. முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது அதன் முதுகெலும்பு. லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758தான் கணக்கின் தொடக்கம். அதே தொகுப்பின் 18ஆம் விதி, பெயர் பொருந்தவில்லை என்பதற்காக அதன் தகுதி போய்விடாது என்கிறது. அதாவது, பெயர் பொய் சொன்னாலும் பெயர் பெயர்தான்.

எனக்கு இது அநியாயமாகப்பட்டது. வகுப்பிலேயே கேட்டேன். "உன் பெயர் என்ன?" என்று பேராசிரியர் திருப்பிக் கேட்டார். நான் சொல்லவில்லை, சொன்னால் என் குணத்துக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள தூரத்தை வகுப்பே அளந்திருக்கும். அவர் சொல்ல வந்தது இதுதான்: பெயர் என்பது சுட்டுவதற்கு, விளக்குவதற்கு அன்று. தப்பெல்லாம் திருத்தவேண்டும் என்று புறப்பட்டால், ஒவ்வொரு தலைமுறையும் தன் அறிவுக்கேற்பப் பெயரை மாற்றும். பாட்டன் எழுதிய பறவை எது என்று பேரனுக்குத் தெரியாமல் போகும்.

அப்படித் தெரியாமல் போனதற்கு இந்தக் குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. லின்னேயஸ் 1758இல் லாரஸ் பாராசிட்டிகஸ் என்று ஒன்றைக் குறித்தார். லாரஸ் என்பது கடற்காகங்களின் பேரினம். ஸ்கூவாவையும் அவர் அதில் சேர்த்துவிட்டார். பாராசிட்டிகஸ் என்றால் ஒட்டுண்ணி, பிறர் உழைப்பில் உண்பது. ஆனால் அவருடைய குறிப்பு மிகச் சுருக்கமானது. நடுவால் இறகுகள் நீளமான பறவை என்று சொன்னால், அது ஆர்க்டிக் ஸ்கூவாவா, நீள்வால் ஸ்கூவாவா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹோவர்டு சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பறவையறிஞர் பாராசிட்டிகஸ் என்பதை நீள்வாலுக்குக் கொடுத்துவிட்டு, ஆர்க்டிக் ஸ்கூவாவுக்குக் கிரெப்பிடேட்டஸ் என்ற பெயரை ஆண்டார். இன்று பாராசிட்டிகஸ் ஆர்க்டிக் ஸ்கூவாவுக்கு உரியது. நீள்வாலுக்கு வியேயோ 1819இல் வைத்த லாங்கிகாடஸ் வழங்குகிறது. அந்தக் காலத்து நூலை எடுப்பவர் இதை அறியாமல் படித்தால், ஒரு பறவையின் கூட்டையும் முட்டையையும் இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடுவார். பெயரின் பொருள் தவறாயிருப்பதைவிட, பெயர் யாரைக் குறிக்கிறது என்பது தடுமாறுவதே பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பொமரைனஸ் என்ற பெயரும் வேடிக்கையானது. டச்சுக்காரர் டெமிங்க் 1815இல் வைத்தது. கிரேக்கத்தில் பொமா என்றால் மூடி, ரைனோஸ் என்றால் மூக்கினது. மூக்குத் துளைகளின்மேல் தகடுபோன்ற ஒரு மூடி ஸ்கூவாக்களுக்கு உண்டு. அதைச் சொல்ல வந்த பெயர். இலக்கணப்படி 'பொமடோரைனஸ்' என்று இருந்திருக்க வேண்டும். டெமிங்க் நடுவிலுள்ள எழுத்துகளை விழுங்கிவிட்டார். பின்னால் வந்த இலக்கணப் புலிகள் நீட்டித் திருத்தினார்கள். விதி அந்தத் திருத்தத்தையும் ஏற்கவில்லை. இடையில் ஒரு செய்தி: அந்த முழுச்சொல் வீணாகிவிடவில்லை. நம் கொல்லிமலையிலும் மேற்குமலைத் தொடரிலும் புதருக்குள் திரியும், அரிவாள்போல வளைந்த அலகுடைய சிலம்பன் ஒன்று உண்டே, அதன் பேரினத்துக்குப் பொமடோரைனஸ் என்றே பெயர். ஆர்க்டிக் கடற்கொள்ளைக்காரனும் கொல்லிமலைச் சிலம்பனும் ஒரு கிரேக்கச் சொல்லைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

மனிதரின் பெயரைத் தாங்கியதும் இவற்றுள் ஒன்று. தென்துருவ ஸ்கூவா, மக்கார்மிக்கி எனப்படுகிறது. ராபர்ட் மக்கார்மிக் ஆங்கிலக் கடற்படையின் அறுவை மருத்துவர். ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1839 முதல் 1843 வரை நடத்திய தென்துருவப் பயணத்தில் எரெபஸ் என்ற கப்பலில் சென்றவர். 1841 சனவரியில் அண்டார்க்டிகாவின் பொசெஷன் தீவில் அவர் பிடித்த பறவைக்கு, அரை நூற்றாண்டு கழித்து 1893இல், மேலே சொன்ன அதே சாண்டர்ஸ் அவர் பெயரை வைத்தார். இந்த மக்கார்மிக் அதற்கு முன்பு பீகிள் கப்பலிலும் மருத்துவராகப் போனவர். கப்பல் மருத்துவரே இயற்கையாய்வாளராகவும் இருப்பது அந்நாளைய வழக்கம். ஆனால் அந்தக் கப்பலில் டார்வின் என்றொரு இளைஞர் கப்பல் தலைவரின் விருந்தினராக ஏறியிருந்தார். தமக்குரிய இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டதாகக் கருதிய மக்கார்மிக் 1832இலேயே இறங்கி ஊர் திரும்பிவிட்டார். அவர் இறங்காமல் இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்ப்பது வீண் வேலை. ஆனாலும் எண்ணத் தோன்றுகிறது.

இனி ஊர்ப்பெயர்கள். ஸ்கூவா என்பது வட அட்லாண்டிக்கிலுள்ள ஃபேரோ தீவு மக்களின் சொல்லிலிருந்து வந்தது. அங்கே இந்தப் பறவையின் பெயரால் ஸ்கூவோய் என்ற தீவே இருக்கிறது. ஷெட்லாந்துத் தீவினர் 'பாங்ஸி' என்பர். அமெரிக்கர்கள் சிறிய மூன்றை மட்டும் 'யேகர்' என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் வேட்டைக்காரன். ஆகவே இங்கிலாந்தில் ஆர்க்டிக் ஸ்கூவா என்பதும் அமெரிக்காவில் பாரசிட்டிக் யேகர் என்பதும் ஒரே பறவை. இரண்டு நாட்டுக்காரர்களும் சந்தித்தால் பாராசிட்டிகஸ் என்ற இலத்தீன் சொல்லே சண்டையைத் தீர்க்கும்.

தமிழில் என்ன சொல்வது? தமிழ்த்துறை ஐயாவிடம் போய்க் கேட்டேன். பிழைப்பைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "பறித்துண்ணும் புள். 'பறிபுள்' என்று சொல்லேன்" என்றார். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிரிசோனுக்கு 1760இல் நம் ஐயாவைப்போல் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

இப்போது அடைப்புக்குறிக்கு வருவோம். ஒரு சிற்றினத்துக்கு முதலில் பெயரிட்டவர் எந்தப் பேரினத்தில் வைத்தாரோ, அதிலேயே அது இன்றும் இருந்தால் அவர் பெயரை அடைப்புக்குறியின்றி எழுத வேண்டும். பின்னால் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் அடைப்புக்குறி போட வேண்டும். டென்மார்க்குக்காரர் புரூனிக் 1764இல் பெரிய ஸ்கூவாவுக்கு வைத்த பெயர் கத்தாராக்டா ஸ்கூவா. கிரேக்கத்தில் பாய்ந்து விழுவது என்று பொருள். அரிஸ்டாட்டில் ஏதோ ஒரு கடற்பறவைக்குச் சொன்ன சொல். ஆகவே கத்தாராக்டா என்று எழுதினால் புரூனிக் தம் வீட்டில் இருக்கிறார், குறி வேண்டாம். ஸ்டெர்கோராரியஸ் என்று எழுதினால் அவருடைய பறவை இடம் பெயர்ந்திருக்கிறது, குறி வேண்டும். நான் புதிய வீட்டு முகவரியில் பழைய வீட்டுக் கதவு எண்ணைப் போட்டுவிட்டேன்.

வீடு ஏன் மாறியது என்பதுதான் சுவையான பகுதி. நெடுங்காலம் பெரியவை நான்கும் கத்தாராக்டா, சிறியவை மூன்றும் ஸ்டெர்கோராரியஸ் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கண்ணுக்கும் அது நியாயமாகவே பட்டது. 1997இல் ஆய்வாளர் குழு ஒன்று இவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. பொமரைன் ஸ்கூவாவின் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ., உருவத்தில் ஒத்த ஆர்க்டிக் ஸ்கூவாவோடு நெருங்காமல் பெரிய ஸ்கூவாவோடு ஒட்டி நின்றது. இறகுகளில் வாழும் பேன்களைப் பார்த்தார்கள். அவையும் அந்தப் பக்கமே கைகாட்டின. பேனுக்கு ஆள் அடையாளம் தெரியும் என்று சிரிக்காதீர்கள். பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குத் தொற்றிப் போவதால் பேனும் ஒருவகைப் பரம்பரைச் சொத்து.

சிக்கல் இதுதான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஐவரில் நால்வரை ஒரு குடும்ப அட்டையிலும், ஐந்தாமவனை முகச்சாயல் ஒத்திருக்கிறதென்று சித்தப்பாவின் அட்டையிலும் பதிந்திருந்தால் என்ன செய்வோம்? ஐந்தாமவனை உடன்பிறந்தாரிடம் சேர்க்கலாம். அல்லது இரண்டு அட்டையையும் ஒன்றாக்கிவிடலாம். பலரும் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள். ஏழும் ஒரே பேரினம் என்றால் அதன் பெயர் எது? முந்தியதே செல்லும். 1760 முந்தியதா, 1764 முந்தியதா? நான்கே ஆண்டு வித்தியாசத்தில் 'எச்சமுண்ணி' வென்றது. 'பாய்ந்து விழுவது' தோற்றது.

கதை அத்தோடும் முடியவில்லை. மைட்டோகாண்டிரியா தாய் வழியாக மட்டுமே வருவது. தந்தை வழியைப் பற்றி அது வாய் திறக்காது. எனவே பொமரைன், இருவகை ஸ்கூவாக்களும் கலந்து பிறந்த கலப்பினமோ என்றும் ஓர் ஐயம் எழுந்து இருபத்தைந்து ஆண்டுகள் பேசப்பட்டது. 2023இல் அச்சான ஓர் ஆய்வு முழு மரபணுத் தொகுதியையும் படித்து, கலப்பால் பிறந்த புதுச் சிற்றினம் என்ற கருத்தை ஒதுக்கியது. ஆனால் மூதாதையரிடையே எப்போதோ கலப்பு நடந்து, ஒரு கிளையின் மைட்டோகாண்டிரியா மற்றொரு கிளைக்குள் புகுந்துவிட்டது என்று கண்டது. இன்று பல பட்டியல்கள் ஏழையும் ஸ்டெர்கோராரியஸ் என்றே எழுதுகின்றன. கத்தாராக்டாவை விடாமல் பிடித்திருப்போரும் உண்டு. குடும்பத்துக்கு வெளியிலும் உறவு மாறியிருக்கிறது. கடற்காகத்தின் தம்பி என்று நினைத்த ஸ்கூவாவுக்கு, பஃபின் முதலிய ஆக் பறவைகளே நெருங்கிய சொந்தம் என்று டி.என்.ஏ. சொல்கிறது. பெரிய ஸ்கூவா பஃபினைக் கொன்று தின்பது பங்காளிச் சண்டை என்றாகிறது.

துறைக் கண்காட்சியில் இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். வரலாற்றுத் துறை நண்பன் ஒருவன் பொறுமையாகப் படித்துவிட்டு, "ஒன்று என்றால் என்ன, ஏழு என்றால் என்ன? பறவைக்குத் தெரியுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

பெரிய ஸ்கூவாக்கள் நான்கையும் ஒரே சிற்றினம் என்றே பழைய நூல்கள் பல எழுதின. அந்தக் கணக்கில் அது ஐஸ்லாந்து முதல் அண்டார்க்டிகா வரை பரவிய பறவை, கவலைப்பட ஒன்றுமில்லை. தனித்தனி என்று பிரித்தபின், வடக்கிலுள்ளது வட அட்லாண்டிக்கில் மட்டும் குஞ்சு பொரிக்கும், குறைந்த எண்ணிக்கையே உள்ள பறவையாகிவிட்டது. அதிலும் பாதிக்கு மேல் ஸ்காட்லாந்தின் தீவுகளில். ஷெட்லாந்தைச் சேர்ந்த ஃபூலா என்ற சிறு தீவில், ஆட்டுக்குட்டியைத் தூக்க வரும் கழுகை விரட்டுகிறதென்று மக்களே இதைக் காத்து வந்தார்களாம். 2021 கோடையில் அந்தத் தீவுகளில் ஸ்கூவாக்கள் செத்து விழுந்தன. பறவைக் காய்ச்சல். 2022இல் இன்னும் மோசம். 2023இல் பிரிட்டனில் மறுபடி எண்ணியபோது, எண்ணிய இடங்களில் முன்பிருந்ததைவிட 76 விழுக்காடு குறைந்திருந்தது. நான்கில் மூன்று பங்கு! தெற்கே எத்தனை பழுப்பு ஸ்கூவா இருந்தாலும் அந்த இடத்தை அவை நிரப்பப் போவதில்லை.

நண்பா, பறவைக்குத் தெரியாதுதான். எண்ணுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அரை மதிப்பெண்ணை நான் திரும்பக் கேட்கவில்லை. கண்காட்சி அட்டையில் ஸ்டெர்கோராரியஸ் ஸ்கூவா (புரூனிக், 1764) என்று எழுதினேன். பேராசிரியர் வந்து பார்த்தார். அடைப்புக்குறி இரண்டையும் விரலால் தொட்டுவிட்டு, பேசாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.